மைசூர் சாலையில் 12 நிமிடங்கள்

மூன்று மணி நேரப் பயணத்தை ஒன்றேகால் மணி நேரமாகச் சுருக்கும் என்று சொல்லப்பட்ட பெங்களூர்–மைசூர் நெடுஞ்சாலை, 2023-ல் மட்டும் 188 உயிர்களை வாங்கியது. அடுத்த ஆண்டு ஸ்பீட் கன்னும் காமிராவும் எஃப்.ஐ.ஆரும் அங்கே காவலுக்கு நின்றன. வேகம் குறைந்தது. வாக்குவாதம் குறையவில்லை.

பெங்களூரை விட்டு வெளியேறுவது பொறுமைக்கு வைக்கப்படும் பரீட்சை. டாம்டாம் நிறுவனம் 2022-ம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்குப்படி, நகரின் மையப் பகுதியில் 10 கி.மீ. போக சராசரியாக 29 நிமிடம் பிடித்தது. உலகத்திலேயே லண்டனுக்கு அடுத்த இடம். கெங்கேரி வரை மெட்ரோ தூண்களின் நிழலில், முன்னால் போகும் பஸ்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்து வந்தவருக்கு, கும்பள்கோடு அருகே மேம்பாலத்தில் ஏறியதும் ஆறு வழிச் சாலை பாய் விரித்தாற்போலக் கிடக்கிறது. இங்கே அதே 10 கி.மீ.க்கு 6 நிமிடம் போதும், அதுவும் சட்டத்தை மீறாமல். அதுவரை அடக்கி வைத்திருந்த எரிச்சலெல்லாம் வலது காலில் வந்து இறங்குகிறது.

தேசிய நெடுஞ்சாலை 275-ன் இந்தப் பகுதியைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 மார்ச் 12-ம் தேதி மண்டியா மாவட்டத்தில் திறந்துவைத்தார். நீளம் 119 கி.மீ. செலவு சுமார் 8,480 கோடி ரூபாய். நடுவில் ஆறு வழி, இரு புறமும் உள்ளூர்க்காரர்களுக்கு இரு வழி சர்வீஸ் ரோடு. ஆக மொத்தம் பத்து வழி என்று கணக்குச் சொன்னார்கள். மூன்று மணி நேரப் பயணம் 75 நிமிடமாகக் குறையும் என்பது அரசு கொடுத்த வாக்குறுதி.

இந்த 75 நிமிடத்தைக் கொஞ்சம் வகுத்துப் பார்க்க வேண்டும். 119 கி.மீ. தூரத்தை 75 நிமிடத்தில் கடக்க, மணிக்குச் சராசரி 95 கி.மீ. வேகத்தில் போகவேண்டும். சாலையில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமே 100தான். நூறிலேயே முள்ளை நிறுத்தி வைத்து எங்கும் நிற்காமல் போனால் 71 நிமிடம் ஆகும். மிச்சமிருப்பது நான்கு நிமிடம். டோல்கேட்டில் நிற்பது, மழை, முன்னே வழி விடாமல் போகும் லாரி எல்லாம் அந்த நான்கு நிமிடத்துக்குள் அடங்கவேண்டும். விளம்பரத்தை நம்பி வண்டி எடுத்தவர் விதியைக் கடைப்பிடித்து 75 நிமிடத்தில் மைசூர் போய்ச் சேர்வது அநேகமாக நடக்காத காரியம். வேகத்தை விற்றவர்களும் பிறகு வேகத்துக்கு அபராதம் போட்டவர்களும் வேறு வேறு இலாகா என்றாலும், இரண்டுமே அரசாங்கம்தான்.

பெயரிலும் ஒரு குழப்பம் இருந்தது. பத்திரிகைகள், அரசியல்வாதிகள், டாக்ஸிக்காரர்கள் எல்லாருமே இதை 'எக்ஸ்பிரஸ் வே' என்றுதான் அழைத்தார்கள். மத்திய அரசின் 2018 ஏப்ரல் அறிவிக்கையின்படி எக்ஸ்பிரஸ் வேயில் கார்களுக்கு 120 கி.மீ. வரை அனுமதி உண்டு. நடுவில் தடுப்புள்ள நான்கு வழி நெடுஞ்சாலை என்றால் 100. மைசூர் சாலை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பார்வைக்கு எக்ஸ்பிரஸ் வே, சட்டத்துக்கு நெடுஞ்சாலை. நுழைகிற இடத்தில் டோல் கட்டியவருக்கு இந்த நுணுக்கம் எங்கே தெரியப்போகிறது?

பழைய சாலையில் யாரும் வேக வரம்புப் பலகையைத் தேடியதில்லை. வழியில் இருந்த ஊர்களே பிரேக் போட்டன. பிடதியில் தட்டு இட்லிக்காக வண்டிகள் ஓரம் கட்டும். ராமநகரத்தில் பட்டுக்கூடு மூட்டையோடு விவசாயிகள் சந்தைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். தலைக்கு மேலே, 1975-ல் வெளிவந்த 'ஷோலே' படத்தில் கப்பர் சிங் உலவிய பாறைகள். சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய பொம்மைகள் ரோட்டோரக் கடைகளில் வரிசையாக நிற்கும். குழந்தை இருக்கும் கார் அங்கே நிற்காமல் போகமுடியாது. மத்தூரில் வடை. மொறுமொறுவென்று, வெங்காயம் தூக்கலாக, தட்டையாக இருக்கும் அந்த வடையைச் சாப்பிடாமல் மைசூர் போனவர் ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்லவும் கூச்சப்படுவார். மண்டியாவில் அறுவடைக் காலம் என்றால் கரும்பு ஏற்றிய டிராக்டர் சாலையையே அடைத்துக்கொள்ளும்.

புதிய சாலை இந்த ஊர்கள் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போகிறது. பிடதி, ராமநகரம்–சென்னபட்டணம், மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கபட்டணம் என்று வரிசையாக பைபாஸ். பொம்மைக் கடைகளும் ஓட்டல்களும் பழைய சாலையிலேயே தங்கிவிட்டன. வியாபாரம் போயிற்று என்று கடைக்காரர்கள் திறப்பு விழாவுக்கு முன்பிருந்தே புலம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புலம்பல் செய்தியாயிற்று. ஊர்களோடு பிரேக்கும் போய்விட்டது என்பது பெரிதாக யாருக்கும் உறைக்கவில்லை. இட்லிக் கடையும் பொம்மைக் கடையும் செய்துவந்த வேலையை, வெள்ளை வட்டத்துக்குள் எழுதிய ஒரு எண் செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

எண் அதைச் செய்யவில்லை. 2023 மே மாதம் மட்டும் 29 பேர் இறந்தார்கள். ஜூனில் 28 பேர். ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒருவர். கார் கண்ணாடிக்குள் இருந்தவர்கள் மட்டுமல்ல. நிலம் ஒரு பக்கமும் வீடு மறு பக்கமும் ஆகிவிட்ட கிராமத்துக்காரர்களுக்குச் சாலையைக் கடக்கப் பாலமோ சுரங்க வழியோ பக்கத்தில் இல்லாத இடங்களில், தடுப்பை ஏறிக் குதிப்பதுதான் வழி. நெடுஞ்சாலை ஆணையம் கம்பி வேலி போட்டால் அதில் சில இடங்களில் ஓட்டை விழுந்தது. ஆறு வழியையும் கடக்க ஒரு மனிதருக்கு இருபது விநாடியாவது தேவை. அந்த இருபது விநாடியில் 130-ல் வரும் கார் 700 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். அவர் சாலையில் கால் வைக்கும்போது அந்தக் கார் அவர் கண்ணுக்குப் புள்ளியாகக்கூடத் தெரிந்திருக்காது.

அந்த ஜூலையில் கர்நாடகப் போலீஸ் விழித்துக்கொண்டது. போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்புப் பிரிவின் கூடுதல் டி.ஜி.பி.யாக இருந்த அலோக் குமார் சாலையை நேரில் பார்வையிட்டார். ஸ்பீட் கன்னோடு போலீசார் நிறுத்தப்பட்டார்கள். நூறைத் தாண்டிய கார்களுக்கு அபராதம். அந்த மாதம் சாவு எண்ணிக்கை 8. ஆகஸ்ட் 1 முதல் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், ஆட்டோ, டிராக்டர் ஆகியவை ஆறு வழிப் பாதையில் நுழையக்கூடாது என்ற தடை அமலுக்கு வந்தது. 2024 ஜூலையில் தானியங்கிக் காமிராக்கள். வண்டியின் நம்பர் பிளேட்டைப் படித்து, வேகத்தை அளந்து, நோட்டீசைத் தானே தயார் செய்யும் ரகம். ஆகஸ்ட் 1 முதல் 130 கி.மீ. தாண்டினால் அபராதத்தோடு விடமாட்டோம், கண்மூடித்தனமாக ஓட்டியதாக எஃப்.ஐ.ஆர். போடுவோம் என்று அறிவிப்பு. 2023-ல் 188 ஆக இருந்த சாவு, 2024-ல் 50.

இத்தனை பெரிய இறக்கம் இந்திய நெடுஞ்சாலைகளில் அபூர்வம். இதில் காமிராவின் பங்கு எவ்வளவு, தடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். நாடு முழுவதும் 2022-ல் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் போனவர்கள். அவர்களைச் சாலையிலிருந்தே எடுத்துவிட்டால் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 28 என்பது 8 ஆனது ஜூலையில். தடை வந்தது ஆகஸ்டில். காமிரா வந்ததோ அதற்கும் ஓராண்டு கழித்து. இடையில் இருந்தது ஸ்பீட் கன்னும் அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற போலீஸ்காரரும்தான். ஒரு மாதக் கணக்கை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பது சரி. ஆனால் பிடிபடுவோம் என்ற பயம் வேலை செய்தது என்பதை மறுக்க, வேறு நல்ல காரணம் ஒன்று காட்டவேண்டும்.

எதிர்த்தரப்புக்கும் வாதங்கள் உண்டு. இவ்வளவு செலவில் நேர்கோடாகப் போட்ட சாலையில் 100 என்பது சாலைக்கே அவமானம் என்கிறார்கள் பெரிய கார்க்காரர்கள். காமிரா இருக்கும் இடத்தை மொபைல் போன் வரைபடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எல்லாரும் அங்கே மட்டும் சடாரென்று பிரேக் போட்டு, தாண்டியதும் மறுபடி மிதிக்கிறார்கள், அதுதான் ஆபத்து என்று இன்னொரு கட்சி. இதற்கு மருந்து இருக்கிறது. ஒரு காமிராவிலிருந்து அடுத்த காமிராவுக்கு வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடலாம். 10 கி.மீ.யை 6 நிமிடத்துக்குக் குறைவாகக் கடந்தவர் நடுவில் எங்கோ நூறைத் தாண்டியிருக்கிறார். காமிராவுக்குக் கீழே போட்ட கும்பிடு செல்லாது. மும்பை–புனே எக்ஸ்பிரஸ் வேயில் 2024-ல் வந்த ஏற்பாட்டில் இந்த முறையும் உண்டு.

வாடகைக் கார் டிரைவர்களின் குறை வேறு மாதிரி. நோட்டீஸ் போவது வண்டிக்குச் சொந்தக்காரருக்கு. பணம் பெரும்பாலும் கழிவது டிரைவரின் பேட்டாவில். ஊட்டிக்குப் போகிற குடும்பம் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு 'சீக்கிரம் போப்பா' என்று அவசரப்படுத்தும். கர்நாடகத்தில் காருக்கு வேக அபராதம் ஆயிரம் ரூபாய். நொறுக்குத் தீனிக்கே அவ்வளவு செலவழிக்கிற அந்தக் குடும்பத்துக்கு அது பொருட்டல்ல. முன் சீட்டில் இருப்பவருக்கு அது ஒரு நாள் கூலி.

120 ஆக உயர்த்தினால் என்ன கிடைக்கும்? முழுத் தூரத்தையும் 120-லேயே போனால் 59½ நிமிடம். நூறில் போனால் 71. லாபம் 12 நிமிடம் கூட நிறைய அல்ல, சற்றுக் குறைவு. விலை? வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் மோதலின் சக்தி 44 சதவீதம் கூடும், பள்ளிக்கூட பௌதிகம்தான். அபாயத்தைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போகும் ஒரு விநாடியில் 100-ல் கார் 28 மீட்டர் போயிருக்கும், 130-ல் 36 மீட்டர். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் சாவு விபத்தின் வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு.

இந்த வழக்கில் தமிழ்நாட்டுக்கும் பங்கு இருக்கிறது. விபத்தில் உடல் முடங்கிப்போன ஒரு பல் மருத்துவருக்கான நஷ்டஈட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் என்.கிருபாகரன், டி.வி.தமிழ்ச்செல்வி அடங்கிய பெஞ்ச், 120 கி.மீ.க்கு அனுமதி தந்த அந்த 2018 அறிவிக்கையையே 2021-ல் ரத்து செய்தது. வேகம்தான் சாவுக்கு முக்கியக் காரணம் என்று தெரிந்தும் வேகத்தை உயர்த்துவதில் என்ன நியாயம் என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, எக்ஸ்பிரஸ் வேயில் 140 வரை போகலாம் என்பது தன் கருத்து என்று பேசினார். நாடு எந்தப் பக்கம் ஓட்டுகிறது என்பதில் அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் அவ்வளவு ஒற்றுமை.

காமிராவைச் சாலைக்குக் கொண்டுவந்ததிலும் கோவையின் கை உண்டு. கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொது நல வழக்குத் தொடுத்தார். உடைந்த எலும்புகளை வருடக்கணக்காக ஒட்டவைத்துக்கொண்டிருந்தவர், உடைவதைத் தடுக்க வழி கேட்டார். 2014-ல் அந்த வழக்கில்தான் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 136ஏ பிரிவு நுழைந்தது. நெடுஞ்சாலைகளை மின்னணுக் கருவிகளால் கண்காணிப்பது மாநில அரசின் கடமை ஆயிற்று. 2021 ஆகஸ்டில் விதிகள் வந்தன. கருவிக்குச் சான்றிதழ் வேண்டும். காமிரா இருப்பதை முன்கூட்டியே பலகை வைத்துச் சொல்லவேண்டும். 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பவேண்டும். இந்தப் பிரிவை மாநிலங்கள் ஒழுங்காக அமல்படுத்தவேண்டும் என்று அதே ராஜசேகரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024-லும் சொல்லவேண்டியிருந்தது.

நோட்டீஸ் அனுப்புவது எளிது. வசூலிப்பதுதான் கதை. நிலுவை மலைபோலக் குவிந்ததும் 2023 பிப்ரவரியில் கர்நாடக அரசு அபராதத்தில் பாதியைத் தள்ளுபடி செய்தது. சில நாட்களில் நூறு கோடி ரூபாய்க்கு மேல் வந்து குவிந்தது. 2025-ல் மறுபடி ஒரு பாதி விலைச் சலுகை. ஆடித் தள்ளுபடியை எதிர்பார்த்துத் துணி எடுக்காமல் காத்திருப்பவர்களைப் போல, அடுத்த சலுகைக்குக் காத்திருக்க வாகனக்காரர்களுக்கு அரசே கற்றுக்கொடுத்துவிட்டது. பக்கத்துக் கேரளத்தில் 2023 ஜூனில் 726 காமிராக்கள் ஒரே மூச்சில் இயங்கத் தொடங்கியபோது, விவாதம் ஹெல்மெட்டையும் வேகத்தையும் விட்டுவிட்டு, அரசு நிறுவனமான கெல்ட்ரான் வழியாகப் போன கான்டிராக்டில் யாருக்கு எவ்வளவு என்பதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

டில்லி ஐ.ஐ.டி.யில் பல ஆண்டுகள் சாலைப் பாதுகாப்பை ஆராய்ந்த பேராசிரியர் தினேஷ் மோகன் 2021-ல் காலமானார். டிரைவரின் தவறு என்று எழுதிக் கோப்பை மூடும் போலீஸ் வழக்கத்தை அவர் ஓயாமல் சாடிவந்தார். 2022-ம் ஆண்டுச் சாவுகளில் 71 சதவீதத்துக்குக் காரணம் அதிவேகம் என்கிறது அரசு அறிக்கை. விபத்து நடந்த இடத்தில் எந்த வண்டி எத்தனை கி.மீ. வேகத்தில் வந்தது என்று அளந்தவர் யார்? எஃப்.ஐ.ஆரில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற வாசகம், மளிகைக் கடைக்காரர் போடும் பிள்ளையார் சுழி மாதிரி தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாலையை வடிவமைத்தவர் மேல் எஃப்.ஐ.ஆர். வருவதில்லை. காமிரா நோட்டீசும் டிரைவர் பெயருக்கோ சொந்தக்காரர் பெயருக்கோதான் போகும். வேலியில் ஓட்டை விழுந்த இடத்தில் ஒரு நடைபாலம் ஏன் இல்லை என்று கேட்டு எந்தக் காமிராவும் யாருக்கும் நோட்டீஸ் அனுப்பாது.

ஆறு வழிச் சாலையிலிருந்து இறக்கிவிடப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்பதைப் பார்க்க, கொஞ்சம் கீழே இறங்கவேண்டும். சர்வீஸ் ரோட்டில்தான் அவர்கள் இருக்கிறார்கள். பால் கேன் கட்டிய மொபெட், ஷேர் ஆட்டோ, கரும்பு டிராக்டர், எதிர்த் திசையில் வரும் பைக், டோலை மிச்சம் பிடிக்க இறங்கிய கார். வழியில் பல இடங்களில் அந்த ரோடு ரயில்வே பாதையிலோ ஆற்றிலோ முட்டி நின்று, பழைய ஊர்ச் சாலைக்குள் தள்ளிவிடுகிறது. மேலே போகிறவருக்குக் காமிரா, வேலி, ரோந்து வண்டி எல்லாம் உண்டு. டோல் கட்டாதவருக்கு வெள்ளைக் கோடுகூடச் சில இடங்களில் இல்லை. இரு சக்கர வாகனத் தடை அவர்கள் உயிரைக் காப்பாற்றத்தான் வந்தது, காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் சாலைக்காக நிலம் கொடுத்த ஊர்க்காரர் அதன் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கவேண்டியிருப்பது அவருக்கு வலிக்கத்தான் செய்யும்.

வருடத்தில் சில நாள் இந்தச் சாலையில் எல்லாருடைய வேகமும் பூஜ்ஜியம் ஆகிவிடும். காவிரித் தண்ணீர் தமிழ்நாட்டுக்குத் திறக்கப்படும்போது மண்டியா விவசாயிகள் வந்து உட்காருவது இந்த நெடுஞ்சாலையில்தான். 2016-ல் உட்கார்ந்தார்கள், 2023 செப்டம்பரிலும் உட்கார்ந்தார்கள். அந்த நாட்களில் தமிழ்நாட்டு நம்பர் பிளேட் வண்டிகள் மண்டியா பக்கம் வராமல் சுற்றிப் போய்விடும். நம்பர் பிளேட்டைப் படிக்க அங்கே காமிரா தேவையில்லை.

ஸ்ரீரங்கபட்டணம் வந்ததும் காவிரி இரண்டாகப் பிரிந்து ஊரை நடுவில் வைத்துக்கொள்கிறது. 1799-ல் திப்பு சுல்தான் விழுந்த கோட்டைக்கு, பைபாஸில் போகிறவர் தலையைத் திருப்புவதற்குள் பாலம் முடிந்துவிடும். அதன் பிறகு மைசூரின் புறநகர். ரிங் ரோட்டைச் சந்திக்கும் இடத்தில் நெடுஞ்சாலை முடிந்து சிக்னல் குறுக்கிடுகிறது. 140-ல் வந்தவர், 100-ல் வந்தவர், சர்வீஸ் ரோட்டிலேயே வந்த மொபெட்காரர் எல்லாரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தசரா சமயத்தில் அந்த ஒரு சிக்னலைத் தாண்டவே 12 நிமிடம் போதாது.